ஒரு கிண்ண நூடுல்ஸ் விலையில் ஒரு வீரன்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பாடவேளை முழுக்க என் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்தானே, பொறுமை இருக்கும் என்று நம்புகிறேன்.

என் பழைய மாணவன் ஒருவன் வீடியோ கேம்களில் வரும் பாத்திரங்களைப் பழைய ஜப்பானிய ஓவியப் பாணியில் வரைந்து தன் பக்கத்தில் போட்டுவந்தான். சுருண்டு எழும் அலை, பைன் மரம், பறக்கும் கொக்கு, நடுவில் வாளோடு நிற்கும் கேம் வீரன். நான் கேம் விளையாடுகிறவன் இல்லை. ஆனாலும் அந்தப் படங்களை விரும்பிப் பார்ப்பேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு படத்தின் கீழே, அவனுக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் எழுதியிருந்தார்: "எவனோ உருவாக்கின பொம்மை, எந்த நாட்டுக்காரனுடைய ஸ்டைலோ. இதில் உன்னுடையது என்ன தம்பி இருக்கு?" கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு படமும் வரவில்லை.

நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் விட்டால் அது வசவாக நின்றுவிடும். இந்த மாதிரிப் படங்களை ஃபேன் ஆர்ட் என்கிறார்கள். ஒரு கதையோ விளையாட்டோ பிடித்துப்போன ரசிகர், அதில் வரும் ஆட்களைத் தன் கையால் வரைவது. பெரியப்பாவின் கேள்விக்குள் ஓர் அனுமானம் இருக்கிறது: பழைய ஜப்பானிய ஓவியம் என்பது உயர்ந்த, தூய, சொந்தக் கலை, இந்தப் பையன்கள் செய்வது அதைக் கடன் வாங்கிய பொழுதுபோக்கு. வரலாற்றுப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் அந்த அனுமானத்தைத்தான் நான் கொஞ்சம் கிளறப் போகிறேன்.

எடோ நகருக்குப் போவோம். இன்றைய டோக்கியோதான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வாழ்ந்த ஊர். தோக்குகவா ஷோகன்கள் ஆண்டார்கள். நீண்ட காலம் பெரிய போர் இல்லை. கடைக்காரர்கள், தச்சர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று சாதாரண ஜனங்களின் கையிலும் கொஞ்சம் காசு புழங்கியது. அவர்களுக்குக் கபுகி நாடகம் உண்டு, சுமோ மல்யுத்தம் உண்டு, வாடகைக்கு எடுத்துப் படிக்கும் கதைப் புத்தகங்கள் உண்டு. பிடித்த நடிகன், பிடித்த மல்லன், பிடித்த கதைவீரன் ஆகியோரின் படத்தை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள ஆசையும் உண்டு. அந்த ஆசைக்காக அச்சடித்து விற்றவைதான் 'உகியோ-எ' படங்கள். மிதக்கும் உலகின் ஓவியங்கள் என்று பொருள். ஒரு படத்தின் விலை ஏறக்குறைய ஒரு கிண்ண நூடுல்ஸ் விலை. இன்று அருங்காட்சியகங்களில் மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டும் அதே படங்கள்தான்.

அவற்றைச் செய்த விதத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். நாம் ஓவியரின் பெயரை மட்டும் சொல்கிறோம். உண்மையில் நான்கு பேருடைய வேலை அது. முதலாளி பதிப்பாளர். எது விற்கும் என்று முடிவு செய்பவர் அவர். ஓவியர் மெல்லிய தாளில் கறுப்பு மையால் கோடுகளை மட்டும் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளை முகம் கவிழ்த்து ஒரு காட்டுச் செர்ரி மரப் பலகையில் ஒட்டி, கோடு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் குடைந்து எடுப்பார். ஓவியர் கையால் வரைந்த அந்தத் தாள் அதோடு அழிந்து போகும். ஆக, 'மூலப் படம்' என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. அச்சிடுபவர் பலகையில் தூரிகையால் நிறத்தைத் தடவி, தாளை வைத்து, மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் தேய்ப்பானால் முதுகில் தேய்ப்பார். பத்துப் பலகை என்றால் ஒரே தாள் பத்து முறைக்குக் குறையாமல் பலகைக்கு வரும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நிறம் கோட்டை விட்டு வெளியே வழியும். அதற்காகப் பலகையின் மூலையில் தச்சரின் மூலைமட்டம் போல ஒரு குறி, பக்கத்தில் ஒரு நேர்க்கோட்டுக் குறி. தாளை அந்த இரண்டிலும் பொருத்தி வைத்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். அச்சகத்தில் வேலை பார்த்த நம் மாணவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். முழு வண்ணத்தில் இப்படி அச்சடிப்பது 1765 வாக்கில் சுசுகி ஹருனோபு என்ற ஓவியர் காலத்தில் நிலைபெற்றது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உதாகவா குனியோஷி என்று ஓர் ஓவியர். 1797-ல் எடோவில் பிறந்தவர். அப்பா பட்டுக்குச் சாயம் போடுகிறவர். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் துணி டிசைன்களில் இயல்பான கண் இருந்ததில் வியப்பில்லை. பெரிய குருவிடம் பயின்றும் முப்பது வயது நெருங்கும் வரை பெயர் வரவில்லை. பழைய பாய் விற்றுப் பிழைத்தார் என்று ஒரு கதைகூடச் சொல்வார்கள். 1827-ல் ஒரு பதிப்பாளர் அவரிடம் ஒரு வரிசை வரையச் சொன்னார். சீனத்து நாவல் ஒன்று உண்டு. ஜப்பானில் 'சுய்கோதென்' என்பார்கள். ஊழல் பிடித்த அதிகாரிகளால் விரட்டப்பட்டு ஒரு சதுப்பு நிலத்துக் கோட்டையில் கூடும் 108 கலகக்காரர்களின் கதை. அது எடோவில் பல வடிவங்களில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. 1805 முதல் வந்த ஒரு ஜப்பானிய மொழி வடிவத்துக்கு ஹொகுசாய் படம் வரைந்திருந்தார். படித்தவர்கள் எல்லாரும் யார் பெரிய வீரன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். குனியோஷி அந்த வீரர்களில் ஒவ்வொருவரையும் தனித்தனித் தாளில், தாள் முழுக்க நிரப்பி வரைந்தார்.

கதை சீனாவுடையது. பாத்திரங்கள் சீனப் பாத்திரங்கள். வாங்குகிறவர்கள் ரசிகர்கள். வரைந்தவரும் ரசிகர்தான் என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு படத்தில் வீரன் ஒருவன் வாளை வாயில் கவ்விக்கொண்டு, நீருக்குள்ளிருந்து எழுந்து, கோட்டை நீர்வாயிலின் கம்பிகளை வெறும் கையால் வளைக்கிறான். அந்தக் கணத்தை எத்தனை முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தால் இப்படி வரைய முடியும்! படங்கள் பறந்தன. 'வீரர் படத்துக் குனியோஷி' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. 108 பேர் என்று தலைப்பில் இருந்தாலும் நமக்குத் தெரிந்து எழுபத்தைந்து படம் அளவில்தான் வந்தன. அதனால் ரசிகர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை!

இதில் அவர் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். மூல நாவலில் உடம்பில் பச்சை குத்தியவர்கள் சிலர்தான். ஒன்பது டிராகன்களைக் குத்திக்கொண்ட ஷிஷின், பூக்களைக் குத்திக்கொண்ட முரட்டுத் துறவி என்று விரல் விட்டு எண்ணலாம். குனியோஷி இன்னும் பலருக்குப் பச்சை குத்திவிட்டார். முதுகு, தோள், தொடை என்று உடம்பையே ஒரு சேலை மாதிரி ஆக்கினார். சாயக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா! இது மூலத்தில் இல்லாதது, அவர் சேர்த்தது. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? எடோவின் தீயணைப்பு வீரர்களும் கூலித் தொழிலாளிகளும் அந்தப் படங்களைக் காட்டி அதே போலத் தங்கள் முதுகில் குத்திக்கொண்டார்கள். ஜப்பானிய முதுகுப் பச்சைக் கலை இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது என்றால், அதற்கு இந்த வரிசை ஒரு பெரிய காரணம். செகா நிறுவனம் 2005-ல் வெளியிட்ட 'யாகுசா' என்ற கேமின் நாயகன் கிரியூவின் முதுகில் ஒரு டிராகன் இருக்கிறது. அந்த கேமுக்குப் பச்சை வடிவங்களை அமைத்தவர் ஹோரிடோமோ என்ற பச்சைக் கலைஞர். அதே சீனக் கதையை அடியாகக் கொண்டு 1995-ல் கொனாமி நிறுவனம் 'சுய்கோதென்' என்ற பெயரிலேயே ஒரு கேம் கொண்டுவந்தது. அதிலும் 108 பேரைச் சேர்க்க வேண்டும்.

ஆக, நம் பையன் கிரியூவின் முதுகு டிராகனை வரைகிறான் என்றால், ஒரு கேமைப் பார்த்து வரைகிறான். அந்த கேம் பச்சைக் கலையைப் பார்த்தது. பச்சைக் கலை குனியோஷியைப் பார்த்தது. குனியோஷி ஒரு சீன நாவலைப் பார்த்தார். பெரியப்பா கேட்ட கேள்வியை இதில் யாரிடம் கேட்பது?

கபுகி நடிகர்கள் பக்கமும் இதே கதைதான். 1741-ல் சனோகவா இச்சிமாத்சு என்ற இளம் நடிகர் வெள்ளையும் கருநீலமும் மாறி மாறி வரும் கட்டம் போட்ட உடையில் எடோ மேடையில் தோன்றினார். சதுரங்கப் பலகை மாதிரி. அதுவரை அந்த டிசைனுக்குக் 'கல் பாவிய தரை' என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. ரசிகர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்தக் கட்டத்தை அள்ளிக்கொண்டார்கள். படங்களில் வந்தது, துணியில் வந்தது, நடிகரின் பெயரே டிசைனின் பெயரானது. இன்றும் இச்சிமாத்சு என்றுதான் சொல்கிறார்கள். டோக்கியோ 2020 ஒலிம்பிக் சின்னத்தில் நீங்கள் பார்த்த கருநீலக் கட்டங்களும் அதுவே. இந்தக் கட்டத்துக்குப் பிறகு திரும்பி வருவேன், நினைவில் வையுங்கள்.

1842-ல் அரசு கண்டிப்புக் காட்டியது. ஆடம்பரம் கூடாது, நடிகர் படங்களும் விலைமகளிர் படங்களும் அச்சடிக்கக் கூடாது என்று தடை. ஓவியர்களுக்குச் சோறு போட்ட சரக்கே அதுதான். குனியோஷி என்ன செய்தார் என்றால், நடிகர்களின் முகத்தைப் பூனைகளுக்கும் ஆமைகளுக்கும் வைத்தார். 1848 வாக்கில் ஒரு வரிசை வெளியிட்டார். கிடங்குச் சுவரில் யாரோ ஆணியால் கிறுக்கியது போன்ற முகங்கள். கோணல் மூக்கு, புள்ளிக் கண். அதிகாரி பார்த்தால் சிறுபிள்ளைக் கிறுக்கல். ரசிகன் பார்த்தால், "அட, நம்மாள்!" நடிகரின் தாடையை, புருவத்தை, குடும்ப முத்திரையை அந்த அளவுக்கு அறிந்த ரசிகர் கூட்டம் இருந்ததால்தான் இது சாத்தியமானது.

இன்னொன்று, என்னை மிகவும் தொட்டது. புகழ்பெற்ற நடிகர் இறந்துபோனால் உடனே 'ஷினி-எ' என்று இறப்புப் படங்கள் அச்சாகும். 1854-ல் எட்டாம் தன்ஜூரோ என்ற அழகான இளம் நடிகர் ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டார். முப்பதைத் தாண்டி ஓரிரு வயதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட வேறுவேறு படங்கள் வந்தன. அழும் பெண்கள், அவரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ரசிகைகள். 2015 ஜூலையில் நின்டென்டோ நிறுவனத் தலைவர் சதோரு இவாதா காலமானபோது உலகெங்கும் பிள்ளைகள் மரியோவும் மற்றப் பாத்திரங்களும் அவருக்கு விடைகொடுப்பதாக வரைந்து இணையத்தில் போட்டார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, காசும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்று அறுபது ஆண்டு இடைவெளி தெரியாது.

நின்டென்டோ என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது 1889-ல் கியோட்டோவில் தொடங்கியது சீட்டுக்கட்டு செய்வதற்காக. ஹனாஃபுடா என்ற மலர்ச் சீட்டு. பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு நான்கு, ஆக 48 சீட்டுகள். ஜனவரிக்குப் பைனும் கொக்கும், பிப்ரவரிக்கு பிளம் மலரும் பாடும் குருவியும், மார்ச்சுக்கு செர்ரி மலரும் திரையும். எண் எதுவும் இராது; படம்தான் அடையாளம். இன்றும் அந்த நிறுவனம் ஹனாஃபுடா விற்கிறது. மரியோ படம் போட்ட கட்டும் போட்டிருக்கிறார்கள். கேம் ரசிகன் ஒருவன் பைன் மரத்தடியில் கொக்கோடு மரியோவை வரைந்தால் அது வெளியிலிருந்து ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. அந்தக் கம்பெனியின் முதல் சரக்கே அதுதான். 2006-ல் கேப்காம் வெளியிட்ட 'ஒகாமி' கேம் இன்னும் ஒரு படி போனது. முதலில் நிஜம் போலத் தோன்றும் காட்சிகளோடு தொடங்கியவர்கள், அதைக் கைவிட்டு முழு உலகத்தையும் மைத்தூரிகை ஓவியமாக மாற்றினார்கள். விளையாடுகிறவர் கையிலேயே தூரிகை இருக்கும்.

இனி 2012. ஜெட் ஹென்றி என்ற அமெரிக்க ஓவியர் தான் சிறுவயதில் விளையாடிய கேம்களின் பாத்திரங்களை எடோ காலத்து மனிதர்களாக வரைந்தார். கம்ப்யூட்டரில் வரைந்ததோடு நிற்கவில்லை. டோக்கியோவில் டேவிட் புல் என்று ஒரு மரச்செதுக்கு அச்சுக் கலைஞர். இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, 1986-ல் ஜப்பானுக்குக் குடிபோனவர். பழைய ஓவியர் கட்சுகவா ஷுன்ஷோவின் நூறு புலவர் படங்களை ஆண்டுக்குப் பத்தாகப் பத்தாண்டு உட்கார்ந்து மறுபடி செதுக்கி அச்சடித்தவர். பெரியப்பாவின் கணக்கில் இதுவும் நகல்தான். ஆனால் ஒரு கை அழியப்போகும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேறு வழி என்ன இருக்கிறது? இந்த இருவரும் சேர்ந்து, ஹென்றி வரைய, புல் உண்மையான மரப்பலகையில் செதுக்கி அச்சடிக்க, 'உகியோ-எ ஹீரோஸ்' என்று ஒரு வரிசை தொடங்கினார்கள். இணையத்தில் நிதி திரட்டினார்கள். பத்தாயிரம் டாலர் அளவில் எதிர்பார்த்த இடத்தில் 3 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. இதன் பலனாக இளம் அச்சிடுவோர் பலருக்கு டோக்கியோவில் பயிற்சியும் கூலி வேலையும் கிடைத்தன. ஒரு கைத்தொழில் பிழைத்துக்கொள்ள, கேம் ரசிகர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வரிசையின் முதல் மர அச்சு, மரியோவின் கார் பந்தயத்தை ரிக்‌ஷா ஓட்டமாக மாற்றியது. (வரலாற்று வாத்தியார் என்பதால் ஒரு குறுக்கீடு: ரிக்‌ஷா 1869 வாக்கில்தான் வந்தது, அப்போது எடோ டோக்கியோவாகப் பெயர் மாறிவிட்டது. நம் ஊர் 'ரிக்‌ஷா'வும் அந்த ஜப்பானியச் சொல்லின் வால்தான்.) இப்படி ஒரு காலத்து ஆளை இன்னொரு காலத்து உடையில் வைத்து ரசிப்பதற்கு ஜப்பானில் 'மிதாதே' என்று பழைய பெயர் உண்டு. ஹருனோபு பழங்காலப் புலவரையும் துறவியையும் தன் காலத்துப் பெண்களாக வரைந்தார். பார்க்கிறவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் சிரிப்பு வரும். ஹென்றி செய்ததும் அதே.

வரைகிற தம்பி தங்கைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. கேம் பாத்திரத்தின் மேல் ஜப்பானிய அலையை ஒட்டினால் மட்டும் மிதாதே ஆகாது. மரப்பலகை எதை அனுமதிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிழலும் பளபளப்பும் போட்டு உருண்டையாகக் காட்ட அதில் இடமில்லை. தட்டையான நிறம், அதற்குக் கறுப்புக் கோடு எல்லை. அந்தக் கோடும் ஒரே தடிப்பில் ஓடாது. துணி மடிப்பில் பருத்து, விரல் நுனியில் மயிர் போல மெலியும். வானத்தின் விளிம்பில் நிறம் கரைவது, பலகையில் ஈரத் தூரிகையால் மையை இழுத்துவிடுவதால் வருவது. ஒவ்வொரு நிறமும் ஒரு பலகை, ஒரு செலவு என்பதால் அவர்கள் நிறத்தை எண்ணி எண்ணிப் பயன்படுத்தினார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் லட்சம் நிறம் இலவசம். பத்தோடு நிறுத்திக்கொண்டு பாருங்கள், படம் மாறும்.

டிசைன்களுக்கும் பேச்சு உண்டு. மீன் செதில் போல அடுக்கடுக்காக வரும் அலை வடிவம் 'செய்கைஹா'; அமைதியான கடல். ஆறுமுக நட்சத்திரம் போன்ற 'அசனோஹா' சணல் இலை. சணல் விறுவிறுவென்று நேராக வளரும் என்பதால் பச்சைக் குழந்தையின் துணியில் போடுவார்கள். ஆமை ஓட்டின் அறுகோணம் நீண்ட ஆயுள். எதை யாருக்கு உடுத்துகிறோம் என்பதிலேயே பாத்திரத்தைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடலாம்.

தவறினால் வேறு எதையோ சொல்லிவிடும் இடங்களும் உண்டு. கிமோனோவில் வலப்பக்கத்தை உடம்போடு ஒட்டி, இடப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்து கட்ட வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர் உடலுக்கு. கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள் சரிபார்க்கப் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பீர்கள்; திருப்பியபடியே விட்டுவிட்டால் உங்கள் வீரன் பாடைக்குத் தயாராக நிற்பான். சீனத்து டிராகனையும் ஜப்பானிய டிராகனையும் கலக்காதீர்கள். மிங், சிங் வம்ச காலங்களில் ஐந்து நகம் பேரரசருக்கு உரியது. ஜப்பானில் பெரும்பாலும் மூன்றுதான்.

அடுத்தது நகத்தைவிடப் பெரிய விஷயம். 'ஜப்பான்' என்று காட்டப் பலர் பின்னணியில் சிவப்புச் சூரியனிலிருந்து பதினாறு கதிர்கள் விரிவதாக வரைகிறார்கள். கண்ணுக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அது ஜப்பானிய ராணுவத்தின் கொடி. 1910 முதல் 1945 வரை அடிமைப்பட்டுக் கிடந்த கொரியர்களுக்கும், படையெடுப்பைக் கண்ட சீனர்களுக்கும் அது அலங்காரமாகத் தெரியாது. நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1942, 43-ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். இதைப் படிக்கும் மலேசிய உறவுகள் சிலரின் வீட்டிலேயே அந்தக் கதை இருக்கும். செய்கைஹாவை வரையுங்கள், மேகத்தை வரையுங்கள். அந்தக் கதிர்களை வரையும் முன் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இச்சிமாத்சு கட்டத்துக்குத் திரும்பி வருவதாகச் சொன்னேன். 'கிமெட்சு நோ யாய்பா' என்ற படக்கதை உலகப் புகழ் பெற்றது. திரைப்படமும் கேமும் வந்தன. அதன் நாயகன் தன்ஜிரோ பச்சையும் கறுப்புமான இச்சிமாத்சு கட்டம் போட்ட மேலங்கி உடுத்தியவன். தங்கை நெசுகோவுக்கு அசனோஹா. 2020-ல் பதிப்பகம் ஆறு பாத்திரங்களின் உடை டிசைன்களை வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. மூன்று கிடைத்தன. தன்ஜிரோவின் கட்டத்தை 2021-ல் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. நெசுகோவின் இலையையும் மறுத்தது. பதிப்பகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, போலிச் சரக்கு விற்பவர்களால் அவர்களுக்கு நஷ்டம் இருக்கும். ஆனாலும் மறுத்தது சரி என்பேன். ஒரு நடிகரின் உடையிலிருந்து ரசிகைகள் எடுத்து ஊரெல்லாம் பரப்பிய கட்டத்தை எந்தக் கம்பெனியின் பீரோவில் பூட்டுவது? அதே சமயம் தன்ஜிரோ என்ற பையன், அவன் முகம், அவன் கதை எல்லாம் அதை உருவாக்கியவருக்குச் சொந்தம். வரைந்து மகிழ்வது வேறு, அச்சடித்துச் சட்டையில் போட்டு விற்பது வேறு. விற்பதென்றால் அந்தந்த நிறுவனத்தின் விதிகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். பெரியப்பா கேட்டதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

'எந்த நாட்டுக்காரனுடைய ஸ்டைலோ' என்ற பாதிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஹொகுசாயின் பேரலை, 1831 வாக்கில் வந்தது, ஜப்பான் என்றாலே எல்லாருக்கும் நினைவு வரும் படம். அந்த ஆழ்ந்த நீலம் பெர்லினில் கண்டுபிடித்த ரசாயன நிறம். ஜப்பானியர்களே அதற்குப் 'பெர்லின் நீலம்' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். அந்த நீலம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஓவியர்கள் போட்டி போட்டுக் கடலையும் வானத்தையும் வரைந்தார்கள்.

நம் பக்கத்துச் சரக்கும் போயிருக்கிறது. நாகசாகி துறைமுகத்துக்கு டச்சுக் கப்பல்கள் கொண்டுபோன சரக்கில் சோழமண்டலக் கரையின் பூ எழுதிய பருத்தித் துணிகள் உண்டு. ஜப்பானியர் அதைச் 'சரசா' என்றார்கள். தேநீர்ச் சடங்கின் விலையுயர்ந்த கிண்ணங்களையும் குப்பிகளையும் வைக்கும் சுருக்குப்பைக்கு அந்தத் துண்டுகளைப் பயன்படுத்தினார்கள். 1778-ல் சரசா டிசைன்களைப் பார்த்து வரைந்துகொள்ள ஒரு மாதிரிப் புத்தகமே அச்சிட்டார்கள். இன்னொரு துணி மெல்லிய கோடு போட்டது. அதன் பெயர் 'சாந்தோமே'. ஆம், நம் மயிலாப்பூர் சாந்தோம்தான். போர்த்துக்கீசியர் வைத்த ஊர்ப் பெயர் துணியோடு கப்பலேறிவிட்டது. அதைப் பார்த்து ஜப்பானிய நெசவாளர்களும் நெய்யத் தொடங்கினார்கள். 'தோசன்' என்று பெயர் சுருங்கியது. எடோவின் மிடுக்கான ஆட்கள் அதை உடுத்தித் திரிந்தார்கள். உகியோ-எ படங்களில் மெல்லிய செங்குத்துக் கோடு போட்ட கிமோனோவில் யாராவது நின்றால் இனிமேல் இரண்டாம் முறை பாருங்கள்.

அந்தக் கோட்டுத் துணிகளின் துணுக்குகளை வெட்டி ஒட்டிவைத்த பழைய மாதிரிப் புத்தகங்கள் ஜப்பானில் இன்றும் இருக்கின்றன. வரைகிற பிள்ளைகள் யாராவது உங்களுக்குப் பிடித்த கேம் வீரனுக்குச் சாந்தோமே கோட்டுத் துணி உடுத்தி ஒரு படம் வரைந்தால் எனக்கு அனுப்புங்கள். கழுத்துப் பட்டை எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடுகிறது, மின்னஞ்சலில் அனுப்புங்கள்.